மணிமாறன் பெயரில் ஒரு வரி

சாப்பிடப் போகும்போது நானூற்றுப் பதினொரு வரிகள். கை கழுவிவிட்டு வந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு.

தீபிகா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே திரையை இன்னொரு முறை பார்த்தாள். பன்னிரண்டுதான்.

சேந்தமங்கலத்துக்கு வெளியே, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது அருணகிரியின் கோழிப்பண்ணை. ஐந்து ஷெட்டுகள். அவற்றின் மின்விசிறி, விளக்கு, தீனி மெஷின், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஓட்டுவது ஒரே மென்பொருள். அதில் யார் ஒரு வரியைத் தொட்டாலும் தொட்டவர் பெயர், நேரம், என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதெல்லாம் ஒரு பட்டியலில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். லாக் என்பார்கள். இப்போதைக்கு அதைத் தொடுகிற ஆள் தீபிகா ஒருத்திதான். சோற்றுக் கையோடு அவள் எதையும் தொடவில்லை.

புதிய வரி பட்டியலின் தலையில் வந்திருந்தால்கூட ஏதோ கோளாறு என்று விட்டிருப்பாள். இது நடுவில் இருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய வரிகளுக்கு மத்தியில், நெருக்கமான பந்தியில் பிந்தி வந்தவன் முழங்கையால் இடம் பண்ணி உட்கார்ந்த மாதிரி.

*மணிமாறன். ஏப்ரல் 24, பகல் 2:07. நான்காம் ஷெட் வெப்பநிலை: 33. காரணம்: கரண்டு போச்சு.*

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் அவளுக்குப் பிடரியில் வேர்த்தது.

ஏப்ரல் இருபத்து நான்கு, பகல் இரண்டு ஏழுக்கு மணிமாறன் நான்காம் ஷெட்டுக்குள், திறக்காத கதவுக்குப் பின்னால் இருந்தார். மூன்று மணிக்கு ஷெட் மேஸ்திரி செல்லமுத்து கடப்பாரையால் கதவைப் பெயர்த்தபோது, பன்னிரண்டாயிரம் கோழிகளோடு சேர்ந்து அவரும் போய்ச் சேர்ந்திருந்தார்.

அன்றைக்கு அவர் அடித்த வரி எங்கோ சிக்கி இப்போது வந்திருக்குமோ என்று ஒரு நொடி ஆறுதல் தேடினாள். அதுவும் நிலைக்கவில்லை. அந்த ஷெட்டில் இருந்த கம்ப்யூட்டர் அன்றே வெந்துபோய்ப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போது இருப்பது புதுசு.

சொன்னால் சிரிப்பார்கள், அவளுக்கும் மணிமாறனுக்கும் சண்டையே இந்த மென்பொருளில்தான் ஆரம்பித்தது.

பண்ணைக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்த மணிமாறன் ஓப்பன் சோர்ஸ் பைத்தியம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாத எந்த மென்பொருளையும் பண்ணைக்குள் விடமாட்டார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான். ஹெல்மெட்டில் அதன் அடையாளமான பென்குயின் ஸ்டிக்கர் வேறு. "ஏனுங், காக்காய்க்கு எதுக்குங்க வெள்ளை பனியன் போட்டு உட்டிருக்கறீங்க?" என்று செல்லமுத்து கேட்ட நாளிலிருந்து பண்ணை முழுக்க அதற்குப் பெயர் பனியன் காக்காய்.

தீபிகா சேலம் அஸ்தம்பட்டியில் பெரிய ஐ.டி. கம்பெனிக் கிளையொன்றில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவள். காசு கொடுத்து வாங்கு, கெட்டுப்போனால் கம்பெனிக்காரனைக் கூப்பிடு, நிம்மதியாகத் தூங்கு. அவள் கட்சி அது. டீ வந்தால் போதும், ஆரம்பித்துவிடும்.

"நீங்க வாங்கச் சொல்ற சாஃப்ட்வேருக்குள்ள என்ன எளுதியிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமாங் மேடம்?" கிண்டல் பண்ணும்போது மட்டும்தான் அவருக்கு அவள் மேடம். "எவனோ சொன்னான்னு ஊட்டுச் சாவியத் தூக்கிக் குடுக்கறீங்க. என்றது தொறந்த புஸ்தகம். யாரு வேணாப் படிக்கலாம்."

"யாரு வேணாப் படிக்கலாம், சரிண்ணா. எவன் படிக்கறான்? அதைச் சொல்லுங்க."

"ஒருத்தன் படிப்பான்னு பயம் இருந்தாலே போதும் தீபி. எவனும் தப்புப் பண்ண மாட்டான்."

"கம்ப்யூட்டர்லயும் கட்சி இருக்குதாட்ட இருக்குதுங்க," என்பான் செல்லமுத்து, டம்ளரைக் கழுவிக்கொண்டே. "பிரியாணி போடுவீங்களா?"

"எங்க கட்சில எல்லாமே இலவசமுங்க," என்று மணிமாறன் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். வீசிங் உண்டு அவருக்கு. சட்டைப் பையில் எப்போதும் மூச்சுக்கு இழுக்கும் நீலக் குப்பி.

விளையாட்டு வினையானது கதவுப் பூட்டில். தாய்க்கோழிப் பண்ணை, வெளியாள் ஒருத்தன் செருப்போடு நுழைந்தாலே நோய் வந்துவிடும் என்று அருணகிரி மின்சாரப் பூட்டு வாங்கினார். கேள்வி ஒன்றுதான். கரண்டு போனால் பூட்டு திறந்துகொள்ள வேண்டுமா, மூடிக்கொள்ள வேண்டுமா?

"தொறந்துக்கோணும்," என்றார் மணிமாறன். "உள்ள மனுசன் இருப்பான்."

"அப்ப மெயினை அணைச்சா எவன் வேணா உள்ள வந்துரலாமா? அதுக்கு எதுக்குண்ணா பூட்டு? பேசாம சாக்கைக் கட்டித் தொங்க விடுங்க."

மூன்று நாள் பேச்சு. கடைசியில் அருணகிரி மணிமாறன் பக்கம் சாய்ந்தார். 'திற' என்றே வைத்தார்கள். அடுத்த வாரமே யாரோ ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மருந்து அறைக்குள் நுழைந்தான். தீபிகாவுக்கு ரோஷம். நான் சொன்னேன் கேட்டீர்களா என்று சண்டை போட்டாள். மணிமாறனோடு பேச்சை நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாரையும் கேட்காமல் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். 'திற' போய் 'மூடு' வந்தது. காரணம் என்ற இடத்தில் நோய்த்தடுப்பு என்று அடித்தாள். உள்ளே இருப்பவர்களுக்கு அவசரக் கைப்பிடி இருக்கிறதே என்று நினைத்தாள். கரண்டு இல்லாவிட்டால் கைப்பிடியும் செத்துவிடும் என்பது பூட்டுக் கம்பெனிக்காரனுக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு ஐந்துக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. ஆட்கள் எல்லாம் ஜெனரேட்டரைச் சுற்றி நின்றார்கள். மணிமாறன் சாப்பிடப் போயிருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் மூன்று முறை தீபிகாவுக்குப் போன் பண்ணினார். பேசாத ஆளிடம் என்ன பேச்சு என்று அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் பண்ணை முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆபீஸில் அவள் மட்டும். லாக்கில் அந்தச் செவ்வாய்க்கிழமை வரி. வரியின் தலையில் அவள் பெயர்.

இப்போது அந்த வரியின் தலையில் மணிமாறன் என்று இருக்கிறது.

"அவனே வெச்ச பூட்டு, அவனையே காவு வாங்கிருச்சே," என்று அருணகிரி அழுதார். போலீசும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. மணிமாறனின் கணக்கை அழித்துவிடலாம், செத்துப்போனவர் பெயரில் வழி திறந்து கிடப்பது ஆபத்து என்று தீபிகா கேட்டபோது அருணகிரி கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாஞ் சாமி. வருசம் திரும்பட்டும். தலைத்திவசம் முடியாம அவம்பேர எதுலயும் எடுக்கப்படாது."

கணக்கு திறந்தே கிடந்தது.

புது வரி வந்ததற்கு மறுநாள் அவள் சாப்பிடப் போகவில்லை. டப்பாவைத் திறந்து மேஜையிலேயே வைத்துக்கொண்டாள். ஆடிக் காற்று ஓய்ந்து புழுக்கம் மட்டும் மிஞ்சிய ஆவணி மதியம். ஜன்னலுக்கு வெளியே தீனிக் குடோனிலிருந்து மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த வாடை கனமாக வந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஐந்து ஷெட்டுகளின் மின்விசிறிகளும் தூரத்தில் ஓடும் ரயில் மாதிரி நிற்காமல் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒரு சத்தம் இருப்பது போலவும், காது கொடுத்தால் அது மட்டும் நின்றுவிடுவது போலவும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. செல்லமுத்து வந்து தீனி லாரிக்குக் கையெழுத்துக் கேட்டான். போட்டாள். திரும்பினாள்.

*மணிமாறன். ஏப்ரல் 24, பகல் 2:11. நான்காம் ஷெட் வெப்பநிலை: 36. காரணம்: கதவு தொறக்கல.*

எவனோ உள்ளே புகுந்துவிட்டான். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். திறந்து கிடக்கிற கணக்கு, எவனோ ஒரு வக்கிரம் பிடித்தவன். மணிமாறனின் பாஸ்வேர்டை மாற்றினாள். இன்டர்நெட் கேபிளை உருவி மேஜை டிராயருக்குள் போட்டாள். இனி உலகத்தில் எவனாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். வரி எங்கிருந்து வந்தது என்று தேடினாள். வெளியிலிருந்து வந்தால் வந்த முகவரி எழுதியிருக்கும்.

முகவரி இல்லை. *நான்காம் ஷெட். நேரடி கீபோர்டு* என்று இருந்தது.

"நாலாம் ஷெட்டுக்கு யார் போறாங்க, செல்லமுத்தண்ணா?"

"நான் காலைல ஏழு மணிக்குப் போயிட்டு வாரதோட செரிங்க அம்மிணி. அப்பறம் ஒருத்தரும் போறதில்லை. போகச் சொன்னாலும் போகமாட்டீங்கறாங்க." தலையைச் சொறிந்தான். "எனக்கேன் பொய்யி, நானுமே முருகா முருகான்னுட்டுத்தான் போறேன்."

கதவின் பதிவைப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. ஏழு மணிக்கு ஒரு முறை. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவள் நான்காம் ஷெட்டின் திரையை அப்படியே தன் திரையில் வரவழைத்து வைத்துக்கொண்டாள். அங்கே என்ன அடித்தாலும் இங்கே தெரியும். கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம், விட்டு விட்டு மினுக்கிக்கொண்டு. இரண்டு பத்து. இரண்டு பதினைந்து. இரண்டு பதினாறு.

*தீ*

கட்டம் நகர்ந்து நின்றது. மினுக்கியது. நீண்ட இடைவெளி.

*தீபிக்கு போ*

ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. அழிந்தது. மறுபடி, நிதானமாக, தேடித் தேடி. மணிமாறன் கடைசிவரை பத்து விரலில் அடிக்கப் பழகவே இல்லை. இரண்டு ஆட்காட்டி விரல்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் குனிந்து பார்த்து. எத்தனையோ முறை அவள் கேலி செய்திருக்கிறாள்.

*தீபிக்கு போன். எடுக்கல.*

வெப்பநிலை முப்பத்தொன்பது.

அவள் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. சுவரிலிருந்து வயரையே பிடுங்கினாள்.

நான்காம் நாள் காலையில் மலர்விழி வந்தாள். மணிமாறனின் மனைவி. பள்ளிபாளையத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான்கு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. அருணகிரியின் அறையில் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காசு பணம் கேக்க வரலீங்கண்ணா. பொறந்தவன் சொல்றான், மாமியார் சொல்றாங்க, அவரே கெடுத்துக்கிட்டாருன்னு. எம்புள்ள நிலாகிட்ட பள்ளிக்கூடத்துல ஒருத்தி சொல்லியிருக்கறா, உங்கப்பன் முட்டாள்தனமாச் செத்தான்னு. கரண்டு போனாக் கதவு தொறக்கோணும்னு என்றகிட்ட மூணு நாளு பேசுன மனுசன், அவரே போயி மூடுன்னு எளுதுவாருங்களா? அந்த வரிய எனக்கு ஒருக்காக் காட்டுங்க."

அருணகிரி தீபிகாவைப் பார்த்தார். காட்டினாள். அவர் மேஜைக் கம்ப்யூட்டரிலேயே, புதிய மூன்று வரிகளும் கண்ணில் படாமல் பட்டியலை வேகமாகத் தள்ளி, அந்த ஒரு வரியில் மட்டும் நிறுத்தினாள். மலர்விழி குனிந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற குழந்தையைப் பார்ப்பது போல, கணவனின் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு இதெல்லாம் விளங்கறதில்ல," என்றாள் கடைசியில். "எங்க சித்தப்பா பையன் அறிவு பெங்களூருல இதே வேலைதான் பாக்கறான். நாளைக்கு வாரான். அவங்கிட்ட முளுசாக் காட்டிருங்க. யாரு வேணாப் படிக்கலாம்னுதான இவரு சொல்லுவாரு?"

"தாராளமாப் பாக்கட்டும் சாமி," என்றார் அருணகிரி. "நம்மகிட்ட ஒளிக்கறதுக்கு என்ன கெடக்குது?"

வாசல்வரை போன மலர்விழி திரும்பினாள். "அன்னைக்கு உங்களுக்குத்தான் மூணு தடவை போன் பண்ணியிருந்தாருங்க தீபிகா. போன்ல பாத்தேன். நீங்க வேலையா இருந்திருப்பீங்க. கோச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்."

அவள் எதையும் கேட்கவில்லை. அதுதான் தீபிகாவுக்குத் தாங்கவில்லை.

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில், அந்த வாசலில் சொல்லியிருக்கலாம். தீபிகாவின் வாய் திறந்தது. "பார்த்துப் போங்கக்கா" என்றுதான் வந்தது.

வேலை தெரிந்தவன் கண்ணில் பட்டால் ஐந்து நிமிடம் போதும். பெயர் மாற்றிய தடம் எங்காவது இருக்கும். அவளுக்கே தெரியாத மூலையில் இருக்கும். மணிமாறனின் கணக்கு, லாக், எல்லாம் மொத்தமாகப் போக வேண்டும். ஹார்டு டிஸ்க் கெட்டுப்போச்சு என்றால் அருணகிரி நம்புவார்.

தன் மேஜைக்கு வந்து, முன்தினம் பிடுங்கிய வயரை மாட்டி, அழிக்கச் சொன்னாள்.

*முடியாது. மணிமாறன் உள்ளே இருக்கிறார்.*

வெளியேற்றச் சொன்னாள். வெளியேற்றப்பட்டார் என்றது. யார் உள்ளே என்று கேட்டாள்.

*மணிமாறன். நான்காம் ஷெட். நேரடி கீபோர்டு.*

ஆறு முறை. ஆறு முறையும் வெளியேறினார். ஆறு முறையும் உள்ளே இருந்தார்.

ஆகவே அங்கே போயாக வேண்டும். அந்தக் கீபோர்டிலேயே அழிக்க வேண்டும். பட்டப்பகல், மணி ஒன்று ஐம்பது, புது ஜெனரேட்டர், பூட்டை அவளே 'திற' என்று மாற்றி மாதம் நான்காகிறது. பயப்பட என்ன இருக்கிறது? ஆட்கள் சாப்பாட்டில் இருந்தார்கள். செல்லமுத்து தூக்குப் போசியோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டித்தான் போனாள். வரச் சொல்லவில்லை. செய்யப்போகிற வேலைக்குச் சாட்சி வேண்டாம்.

வாசலில் ரோஸ் நிற மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, ரப்பர் பூட்ஸ் மாட்டி, அட்டையைக் காட்டினாள். கதவு திறந்தது. பின்னால் க்ளக் என்று மூடியது.

நல்ல வெயிலிலிருந்து நுழைந்ததால் முதலில் எதுவும் தெரியவில்லை. ஜன்னலே இல்லாத அந்த நீளமான ஷெட்டில் கோழிகள் சீக்கிரம் முட்டைக்கு வந்துவிடாமலிருக்க விளக்கை விடிகாலை மங்கலிலேயே வைத்திருப்பார்கள், அந்த மங்கலில், நெல் உமியும் எச்சமும் ஊறி எழுப்பும் அமோனியா நெடி கண்ணையும் மூக்கையும் ஒரே நேரத்தில் கரிக்க, முந்நூறு அடிக்கு அப்பால் சுவர் முழுக்கச் சுழலும் பெரிய மின்விசிறிகள் காற்றை உறிஞ்சி உறிஞ்சி அவள் துப்பட்டாவை ஷெட்டின் ஆழத்தை நோக்கி இழுத்தன. கதவை ஒட்டி ஒரு சின்ன அறை. மேஜை, திரை, கீபோர்டு. எதிரே இடுப்புக்கு மேல் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரை தெரியாமல் பன்னிரண்டாயிரம் வெள்ளை முதுகுகள்.

அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

கீபோர்டு மேல் உமித்தூசி மெல்லிசாக, சீராகப் படிந்திருந்தது. சில எழுத்துகளில் மட்டும் தூசி இல்லை. விரல் நுனி அளவுக்கு, வட்ட வட்டமாக.

அழிக்கும் முன் லாக்கைத் திறக்கச் சொன்னாள். உங்கள் பெயர் என்ன என்று கேட்காமல், அந்தத் திரை ஏற்கெனவே மணிமாறனுக்குத் திறந்திருந்தது. லாக் விரிந்தது. அந்த மூன்று வரிகளுக்கு மேல் நடுவில் புதிது எதுவும் இல்லை. நல்லது. பட்டியலின் தலைக்குப் போனாள். இன்றைய தேதி வரும் இடம்.

*தீபிகா. ஆகஸ்ட் 20, பகல் 2:04. கதவுப் பூட்டு: மூடு. காரணம்: நோய்த்தடுப்பு.*

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மூன்று.

இல்லை. நான் இதை அடிக்கவில்லை. இன்னும் அடிக்கவில்லை. 'மூடு' என்ற சொல்லின் மேல் கட்டத்தைக் கொண்டுபோனாள். அழித்தாள். அழிந்தது. 'திற' என்று அடித்தாள். அடித்த எழுத்து வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. பலமாக அடித்தாள்.

கடிகார முள் நகர்ந்தது.

மின்விசிறிகள் நின்றன.

சத்தம் போன பிறகுதான் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. இருட்டு. திரை மட்டும் பேட்டரியில். கீச் கீச் என்று அது எச்சரித்துக்கொண்டிருந்தது. துப்பட்டா மெதுவாக வந்து அவள் மேலேயே விழுந்தது.

தூரத்தில் ஜெனரேட்டர் உறுமியது. அப்பாடா. ஒன்றாம் ஷெட் மின்விசிறிகள் எழுந்தன. இரண்டு. மூன்று. ஐந்து.

நான்கு எழவில்லை.

கைப்பிடியை அழுத்தினாள். அசையவில்லை. கதவைத் தட்டினாள், உதைத்தாள், கத்தினாள். மற்ற நான்கு ஷெட்டின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? போனை எடுத்தாள். செல்லமுத்து. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

திரையில் கட்டம் நகர்ந்தது. தேடித் தேடி. இரண்டு விரல் வேகத்தில்.

*தீபிகா. ஆகஸ்ட் 20, பகல் 2:11. வெப்பநிலை: 36. காரணம்: செல்லமுத்துவுக்கு போன். எடுக்கல.*

"அண்ணா," என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. "அண்ணா, நான் வேணும்னு பண்ணலண்ணா."

கீச். கீச்.

கீழே ஒரு காலி வரி வந்தது. *காரணம்:* என்று இருந்தது. கட்டம் நகரவில்லை. மினுக்கிக்கொண்டு, காத்துக்கொண்டு.

புரிந்தது. அழுதாள். மேஜைமேல் குனிந்து, கண்ணில் எரிச்சலோடு, மூக்கிலிருந்து ஒழுக ஒழுக, அடித்தாள். இந்த முறை எல்லா எழுத்தும் வந்தது.

*கதவை மூடச் சொல்லி எழுதியது நான்தான். பெயரை மாற்றியதும் நான்தான். வேறு யாரும் காரணமில்லை.*

பதிவு செய் என்று அழுத்தினாள். பதிவானது. வரி மேலேறி, பட்டியலில் போய் உட்கார்ந்தது. வரியின் தலையில் பெயர் விழுந்தது.

*மணிமாறன்.*

"இல்ல," என்றாள். "இல்ல, இல்ல, நான், தீபிகா..."

மறுபடி அடிக்கக் கை வைத்தாள். கீச் ஒலி நீளமாக இழுத்தது. திரை அணைந்தது.

இருட்டு. சூடு. ஈரமான, இறகு வாடையடிக்கும் சூடு. மூச்சு இழுத்தால் தொண்டை வரை வந்து நின்றது. போன் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் கூரையில் ஓடி, சுவரில் ஓடி, கண்ணாடியில் வந்து நின்றது.

பன்னிரண்டாயிரம் கோழி. ஒன்றும் கத்தவில்லை. அலகைப் பிளந்துகொண்டு இளைத்தன, இளைப்பிலும் சத்தமில்லை. இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு நின்றன. ஏன் அப்படி நெருக்குகின்றன என்று விளக்கை நகர்த்தினாள்.

ஷெட்டின் பாதி தூரத்தில், மணிமாறன் மின்விசிறி இடுக்குக் காற்றைத் தேடிப் போய் விழுந்து கிடந்த இடத்தில், உமித் தரை வெறுமையாகத் தெரிந்தது. ஐந்தே முக்கால் அடி நீளம். தலைக்கு ஒரு வட்டம். நீட்டிய ஒரு கை. மடங்கிய ஒரு கால். அந்த ஓரத்தை ஒரு கோழியும் மிதிக்கவில்லை. யாரோ படுத்திருக்கும்போது எப்படிச் சுற்றி நிற்குமோ, அப்படி நின்றன.

உமி மெல்ல அசைந்தது. மூச்சு விடுகிற மாதிரி. ஏறி, இறங்கி.

விளக்கை அணைக்க நினைத்தாள். விரல் கேட்கவில்லை.

அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்தில் கோழிகள் விலக ஆரம்பித்தன. பதறவில்லை. வேண்டப்பட்ட ஒரு விருந்தாளிக்கு வழி விடுவது போல ஒவ்வொன்றாக, மரியாதையாகப் பின்வாங்கின. முதலில் தலைக்கு ஒரு வட்டம். பிறகு தோள். பிறகு ஒரு கை, பக்கத்தில் நீண்டிருந்த கையைத் தொடுமளவுக்கு. அது மணிமாறனைவிட ஒரு சாண் குட்டை. ஒல்லி.

இடுப்புவரை வந்துவிட்டது. கால்களுக்கு இன்னும் இடம் பண்ணிக்கொண்டிருந்தன.